காலை மாத்திரை எனக்கு, ராத்திரி மாத்திரை அவளுக்கு

இந்த வாரம் விரல்கள் கொஞ்சம் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. பேனாவின் மேல் துணியைச் சுற்றிப் பருமனாக்கி வைத்திருக்கிறேன், பிடிக்க வசதியாக. அடுத்த வாரம் எப்படி இருக்குமோ தெரியாது, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். திருப்பதியில் மருந்துப் பரிசோதனைக்குப் போன பொம்பளை என்று எங்கள் பக்கத்தில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எலிக்குப் பதிலாக என்னை வைத்து ஊசி குத்திப் பார்த்தார்கள் என்கிறாள் ஒருத்தி. என் கிட்னியையே எடுத்துவிட்டார்கள் என்கிறாள் இன்னொருத்தி. என் கிட்னி இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நடந்தது வேறு. அதைப் படித்தால் என்னைத் திட்டுவீர்கள். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

வெதுருகுப்பம் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், கடையிலும் ஆபீசிலும் தெலுங்கு. நான் ஜாக்கெட் தைக்கிறவள். ஊரில் எவள் இளைத்தாள், எவள் பெருத்தாள் என்பது அவள் புருஷனுக்கு முன்னால் எனக்குத் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலையில் குழாயைத் திருகப் போனேன். திருக முடியவில்லை. குழாய் இறுகிவிட்டது என்று அதைத் திட்டினேன். பிறகு பேஸ்ட் மூடி இறுகியிருந்தது, கதவுத் தாழ்ப்பாள் இறுகியிருந்தது, குண்டான் மூடியும் இறுகியிருந்தது. இத்தனையும் ஒரே நாளில் இறுகுமா என்று யோசித்தபிறகுதான் இறுகியது நான் என்று புரிந்தது.

வெயில் ஏறினால் விரல்கள் கொஞ்சம் இளகும். மறுநாள் காலையில் மறுபடி குச்சி. மணிக்கட்டும் கணுக்காலும் வீங்கின. வாயு என்றார்கள். போன மழைக்காலத்துக் கொசுக் காய்ச்சல் விட்டுப்போன வலி என்றார்கள். பச்சிலைக் கட்டு போட்டதில் தோல் உரிந்ததுதான் மிச்சம். கடைசியில் சித்தூரில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து முடக்குவாதம் என்றார். உடம்புக்குள் நோய்க்கிருமியை விரட்ட ஒரு காவல் இருக்கிறதாம். அந்தக் காவலுக்குப் புத்தி பிசகி, வீட்டுக்காரனையே திருடன் என்று நினைத்து மூட்டு மூட்டாக அடிக்கிறதாம். வாரத்துக்கு ஒரு நாள் போடும் மாத்திரை கொடுத்தார். ஒரு வருடம் போட்டேன். குமட்டல் வந்தது, வலி போகவில்லை. அடுத்தபடி ஊசி இருக்கிறது என்று அதன் விலையைச் சொன்னார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அந்த ஒரு வருடம் என்னைத் தூக்கி நிறுத்தியவள் அமுலு. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, எனக்கு மூத்த ஓரகத்தி. எங்கள் இருவருக்கும் ஆகாது என்பது ஊரறிந்த சங்கதி. நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து உப்புக்கும் சண்டை, புளிக்கும் சண்டை. அப்படிப்பட்டவள் தினமும் காலையில் வந்து எனக்குத் தலை வாரிவிடுவாள். வாரும்போதே திட்டுவாள்.

"ஊருக்கெல்லாம் கொக்கி வெச்சுத் தெச்சவ, உனக்கு மாட்டிவுட ஒருத்தி வேண்டிகீது பாரு. திரும்புடி."

குளிக்க வைத்தாள். சோறு பிசைந்து ஊட்டினாள். அதற்கு மேலும் செய்தாள், அதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றைச் சொல்லாவிட்டால் மற்றது உங்களுக்குப் புரியாது. நாங்கள் இரண்டு பேரும் ஒரு பலாப்பழத்துக்கு அடித்துக்கொண்ட அன்று மாமனார் நடு வாசலில் நின்று ஒரு சட்டம் போட்டார். "இந்த வூட்டுக்கு எது வந்தாலும் ரெண்டு பங்கு. ஒருத்தி பங்கு போடணும், இன்னொருத்தி மொதல்ல எடுத்துக்கணும்." மாமனார் செத்துப் பல வருடம் ஆகிறது. அடுப்பு இரண்டாகிவிட்டது. சட்டம் மட்டும் நிற்கிறது. மலை லட்டு வந்தால் கத்தியால் நடுவில் பிளப்போம். யார் வீட்டுக் கல்யாணத்திலோ ஒரு தேங்காய் கொடுத்தால் அதையும் உடைத்து, முடி ஒரு வீட்டுக்கு, அடி ஒரு வீட்டுக்கு. பங்கு தராதவளை எங்கள் பக்கத்தில் மனுஷியாக மதிக்கமாட்டார்கள்.

திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மூட்டு நோய்க்குத் தனிப் பிரிவு இருக்கிறது என்று சித்தூர் டாக்டரே சீட்டு எழுதி அனுப்பினார். பஸ் முழுக்க மொட்டைத் தலையும் சந்தனமும். அவர்கள் இறங்கி மலைக்குப் போவார்கள், நான் இறங்கி டோக்கன் வாங்கப் போவேன். அந்தக் காத்திருக்கும் கூடத்தைப் பற்றி என்ன சொல்வது? இரும்பு நாற்காலிகள் ஒன்றோடொன்று ஆணி அடித்துச் சேர்த்தவை. ஓரத்தில் ஒருவர் எழுந்தால் வரிசையே ஆடும், ஆடினால் என் முட்டியில் தெறிக்கும். தாகத்துக்குக் குடிக்கப் பயம். எழுந்து போய் வருவதற்குள் நம்பரைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று. ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் நாம் நம்முடையவர் இல்லை, அந்த நம்பருடையவர்.

அங்கே இருந்த டாக்டரம்மா என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் பேசுவார். வார மாத்திரை கேட்காதவர்களுக்கு ஒரு புது மாத்திரையைக் கொடுத்து ஆராய்ச்சி நடக்கிறது, விருப்பம் இருந்தால் சேரலாம் என்றார். எனக்கு வேறு வழி இருந்ததா? வாசல் ஒன்றே ஒன்றுதான் என்னும்போது விருப்பமா என்று கேட்பது ஒரு மரியாதைக்குத்தான்.

சேருவதற்கு முன் ஒரு நாள் முழுக்கத் தாள் படித்தார்கள். லாவண்யா என்று ஒரு பெண், அந்த ஆராய்ச்சியில் நோயாளிகளைக் கவனித்துக்கொள்பவள், தெலுங்கில் வாசித்தாள். சாட்சிக்கு ஒரு நர்ஸ் இருந்தாள். எதிரில் கேமரா ஓடியது. எனக்குத் தமிழ் எழுத்துதான் தெரியும். தமிழ்த் தாள் வரவழைக்கிறோம், அடுத்த வாரம் வாருங்கள் என்றுதான் சொன்னார்கள். காதால் கேட்டாலே புரியும், இன்றைக்கே முடித்துவிடுங்கள் என்று அவசரப்பட்டவள் நான்.

அந்தத் தாளில் இருந்ததை என் பாஷையில் சொல்கிறேன். சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு நிஜ மருந்து. பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரை, உள்ளே மருந்து கிடையாது. யாருக்கு எது என்று நமக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. எங்கேயோ ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியும். அப்போதுதான் மனப்பிராந்தியால் சரியானதா, மருந்தால் சரியானதா என்று பிரித்துப் பார்க்க முடியுமாம். பழைய வார மாத்திரையையும் கூடவே போட்டுக்கொள்ள வேண்டும். புது மாத்திரை உடம்பின் காவலைக் கொஞ்சம் தூங்க வைக்கும். அதனால் வலி குறையும். ஆனால் காவல் தூங்கினால் திருடனுக்குக் கொண்டாட்டம் அல்லவா? சின்ன வயதில் எப்போதோ மூச்சில் புகுந்த டி.பி. கிருமி எத்தனையோ பேர் உடம்பில் சத்தமில்லாமல் படுத்திருக்குமாம். அது எழுந்துவிடலாம். அதனால்தான் சேர்ப்பதற்கு முன் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்து, ரத்தத்தில் டி.பி. சோதனை செய்து, ஒன்றும் இல்லை என்றால்தான் மாத்திரை.

எனக்கு ஒன்றும் இல்லை. மாத்திரை அட்டைகளைக் கொடுத்தார்கள். காலை ஒன்று, ராத்திரி ஒன்று. காலி அட்டையைத் தூக்கிப் போடாமல் கொண்டுவர வேண்டும். வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நான் ஆட்டிய ஆட்டம் கேமராவில் இன்னும் இருக்கும்.

ஆறாவது வாரம் குழாயைத் திருகினேன். தண்ணீர் வந்தது. அதை மூடிவிட்டு மறுபடி திருகினேன். என் வீட்டுக்காரர், "தண்ணிய வீணாக்காதடி" என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தவர், என் கையைப் பார்த்துவிட்டு இன்னொரு குடத்தைக் கொண்டுவந்து வைத்தார். மூன்றாவது மாதம் மிஷினில் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட் தைத்தேன். எனக்கு வந்தது நிஜ மாத்திரைதான் என்று நானாகத் தீர்மானம் செய்துகொண்டேன். எந்தக் கம்ப்யூட்டரையும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை டாக்டரம்மாவைப் பார்க்கும்போதும், "நிஜம்தானே?" என்று கேட்க நாக்கு துடிக்கும்.

முதல் ஜாக்கெட்டை அமுலுவுக்குத்தான் தைத்தேன். அவள் அதைப் போட்டுப் பார்த்து, கை இறுக்கம் என்று குறை சொல்லி, படியில் உட்கார்ந்து முட்டியைத் தடவினாள். அவளுக்குப் பல வருடமாக முட்டி வலி. தேய்மானம், என் நோய் வேறு, அவள் நோய் வேறு. எங்களுக்கு அது எங்கே தெரியும்? வலி என்றால் வலிதான்.

"நல்லா கீறியே நீ. அந்த மாத்தர எனக்கு இல்லியா?" என்றாள்.

"அது ஆராய்ச்சி மருந்துக்கா. யாருக்கும் தரக்கூடாதுன்னு சொல்லிகீறாங்க."

"வூட்டுக்குள்ள எது வந்தாலும் ரெண்டு பங்கு. மாமா இல்லன்னதும் சட்டம் மாறிப்போச்சா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு வருடம் என்னைக் குளிப்பாட்டியவள் கேட்கிறாள். அட்டையை எடுத்து வந்தேன். நான் பங்கு போட வேண்டும், அவள் முதலில் எடுக்க வேண்டும். காலை வரிசை, ராத்திரி வரிசை என்று காட்டினேன். பகலில் மாத்திரை போட்டால் வேலை செய்யும்போது தூக்கம் வரும் என்று அவளாக ஒரு கணக்குப் போட்டு, ராத்திரி வரிசையை எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து காலை மாத்திரை எனக்கு, ராத்திரி மாத்திரை அவளுக்கு.

எனக்குக் காலையில் கொஞ்சம் விறைப்பு வந்தது, அவ்வளவுதான். கை முடங்கவில்லை. அவளோ முட்டி பஞ்சாகிவிட்டது என்றாள். ஒவ்வொரு தடவை போகும்போதும் லாவண்யா காலி அட்டைகளை எண்ணுவாள். ஒன்றுகூட மிச்சம் இருக்காது. "மீரு சூப்பர் அம்மா" என்பாள். மாத்திரை மறக்கிற மற்ற நோயாளிகளிடம் என்னைக் காட்டி, இந்த அம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்பாள். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வாள்.

ஐந்து மாதம் இப்படிப் போயிற்று. அமுலுவுக்குச் சாயங்காலமானால் காய்ச்சல் அடிக்க ஆரம்பித்தது. வெயிலில் மாங்காய் பொறுக்கினாள், அதனால் என்றோம். சோறு இறங்கவில்லை. தோள் எலும்பு தெரிந்தது. நான் தைத்த ஜாக்கெட் தொளதொளத்தது. அளவு எடுக்காமலே எத்தனை விரற்கடை இளைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. உடம்பு வற்ற வற்ற வயிறு மட்டும் உப்பியது. "எத்தினி மாசம்னு கேக்கறாளுங்கடி எல்லாரும்" என்று அவளே சிரித்தாள். மூத்தார், அதாவது அவள் புருஷன், அவளைச் சித்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். துணைக்கு நான் போனேன்.

வயிற்றில் தண்ணீர் கோத்திருக்கிறது என்றார்கள். ஸ்கேனில் சினைப்பைப் பக்கம் கட்டி மாதிரி தெரிந்தது. ரத்தத்தில் ஒரு சோதனை, கேன்சர் இருந்தால் அதில் எண் ஏறுமாம், வேறு சிலவற்றுக்கும் ஏறுமாம். அவளுக்கு ஏறியிருந்தது. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம். வயிற்றுத் தண்ணீரை எடுத்துப் பார்த்ததில் எதுவும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. கேன்சராகத்தான் இருக்க வேண்டும், வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையோடு எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்து, வியாழக்கிழமை ஆபரேஷன் என்று எழுதினார்கள். மூத்தார் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

சேர்த்த அன்றைக்கே ஒரு டாக்டர் கேட்டார். "வேற ஏதாவது மாத்திரை, மருந்து வாடுதுன்னாவா அம்மா?" வேறு ஏதாவது சாப்பிடுகிறாயா என்று.

"லேது சார்", இல்லை என்றாள் அமுலு. "முட்டிக்குத் தைலம் தடவுவேன். அவ்ளோதான்."

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மறுநாள் பெரிய டாக்டர் வந்து அதையே கேட்டார். அவளும் அதையே சொன்னாள். நான் அவள் கால் போர்வையைச் சரி செய்துகொண்டிருந்தேன், சரியாக இருந்த போர்வையை.

என் மனதில் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். லாவண்யா வாசித்த அந்தத் தாள் எனக்கு மறக்கவில்லை. படுத்திருக்கும் டி.பி. எழுந்துவிடும் என்ற வரி மறக்கவில்லை. அமுலுவின் அம்மா இருமி இருமி ரத்தம் கக்கிச் செத்தவள் என்பதும், அமுலு அந்த வீட்டில் அம்மா பாயிலேயே படுத்து வளர்ந்தவள் என்பதும் எனக்குத் தெரியும். எனக்கு எடுத்த எக்ஸ்ரேயும் ரத்தச் சோதனையும் அவளுக்கு யாரும் எடுக்கவில்லை. எடுக்காமல் மாத்திரையைக் கொடுத்தவள் நான். ஆனால் அவள் இருமவே இல்லையே. டி.பி. என்றால் நெஞ்சில்தானே வரும், வயிற்றில் எப்படி வரும்? என்னுடையது வெறும் மாத்திரையாகவும் இருக்கலாமே. இப்படி எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன்.

நிஜக் காரணம் கை. சொன்னால் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள். மாத்திரை நின்றுவிடும். மறுபடி யாராவது என்னைக் கழிவறைக்குக் கூட்டிப் போக வேண்டும். யார்? கூட்டிப் போனவள் இதோ படுத்திருக்கிறாள். சொல்லாவிட்டால் அவள் வயிற்றை அறுப்பார்கள். அந்த வார்டில் ஜன்னலுக்குக் கம்பி போட்டிருந்தார்கள், குரங்குத் தொல்லைக்காக. நான் இரண்டு நாள் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நன்றாகப் பிடிக்க முடிந்தது. அதுதான் பாவம்.

செவ்வாய்க்கிழமை எனக்குத் திருப்பதியில் தேதி. போகாவிட்டால் லாவண்யா போன் மேல் போன் போடுவாள். மூத்தாரை அமுலுவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். அமுலு என் பையை வாங்கிப் பார்த்தாள்.

"அட்டையெல்லாம் எடுத்துக்கினியா?" என்று கேட்டாள்.

அவள் காய்ச்சலிலும் கடைசி வாரம் வரை ராத்திரி மாத்திரையைப் போட்டிருந்தாள். அதற்குப் பிறகு மிச்சமிருந்த நான்கைந்தை நான் போட்டு அட்டையைக் காலி செய்துவிட்டேன். எண்ணிக்கை சரியாக இருந்தது.

திருப்பதியில் எடை பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், டாக்டரம்மா ஒவ்வொரு மூட்டாக அமுக்கி வலிக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு லாவண்யாவிடம் கேள்வித் தாள். எப்போதும் அதே கேள்விகள்தான். அவள் முடிப்பதற்குள் நான் லேது, லேது என்று சொல்லிக்கொண்டே போவேன். அவளும் நிமிராமல் கோடு போட்டுக்கொண்டே போவாள்.

"ஜுரம்?"

"லேது."

"தக்கு?" இருமல்.

"லேது."

"இன்ட்லோ எவரிகைனா டி.பி.? பாகா சன்னபடி, ஜுரம், ஆஸ்பத்திரிலோ உன்னவாள்ளு?" வீட்டில் யாருக்காவது டி.பி. உண்டா, இளைத்துப்போய்க் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் யாராவது இருக்கிறார்களா என்று.

எட்டு மாதமாகச் சொன்ன அந்த ஒரு சொல் அன்றைக்கு வாயில் வரவில்லை. லாவண்யா பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அந்த ராத்திரி மாத்திரை நான் போடல, லாவண்யா" என்றேன். தமிழில்தான் வந்தது. அவளுக்கு அரைகுறையாகத்தான் தமிழ் தெரியும். இது புரிந்துவிட்டது.

"எப்புடு? நின்னயா?" நேற்றா என்று கேட்டாள்.

"அஞ்சு மாசமா. எங்க அமுலு அக்காவுக்குக் குடுத்தேன். அவங்க சித்தூர்ல படுத்துகினு கீறாங்க. வேசாழக்கெழம வயித்த அறுக்கப் போறாங்க."

லாவண்யா பேனாவை மூடினாள். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்து எழுப்பி, வரிசையில் இருந்த எல்லாரையும் தாண்டி டாக்டரம்மா அறைக்குள் இட்டுக்கொண்டு போனாள். அந்தக் கூடத்தில் நம்பர் இல்லாமல் நான் உள்ளே போனது அன்று ஒருநாள்தான்.

டாக்டரம்மா சத்தம் போடவில்லை. எந்த நாளிலிருந்து, எத்தனை மாத்திரை, அவளுக்கு என்ன வயது, அவள் அம்மா எப்படிச் செத்தாள், இதையெல்லாம் கேட்டு எழுதினார். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்தார். இந்த மாதிரி உயிர் ஆபத்து வந்தால் மட்டும் ஒருத்தருக்கு வந்தது எது என்ற பூட்டைத் திறந்து பார்க்கலாமாம், அதற்கென்று தனி அனுமதி இருக்கிறதாம். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கு வந்தது மருந்துதாம்மா. நிஜ மருந்து."

எட்டு மாதமாக எந்த வார்த்தைக்கு ஏங்கினேனோ அந்த வார்த்தை. கேட்டதும் எனக்கு வாந்தி வந்தது. குப்பைக் கூடையை இழுத்து லாவண்யா பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா சித்தூருக்குப் போன் செய்தார். இங்கிலீஷிலும் தெலுங்கிலும் பத்து நிமிடம் பேசினார். வயிற்றில்கூட டி.பி. வரும், ஸ்கேனில் அச்சு அசல் கேன்சர் மாதிரியே தெரியும், அதே ரத்த எண்ணும் ஏறும் என்று போனை வைத்துவிட்டு எனக்கும் சொன்னார்.

"உங்க மேல கோபம் இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "பாதி மருந்துல உங்க கை இவ்ளோ நல்லாச்சுன்னா அது பெரிய விஷயம். ஆனா நான் அத எங்கயும் சொல்ல முடியாது. நீங்க எதப் போட்டீங்க, எதப் போடலன்னு எனக்கு நிச்சயம் இல்ல. உங்களோட எட்டு மாசத்த இனிமே நம்ப முடியாது."

அதைக் கேட்டபோது வந்த அவமானம் வேறு மாதிரி. நான் என் கைக்காக மட்டும் அங்கே போகவில்லையாம். எனக்குப் பின்னால் வருகிற நூறு கைகளுக்காகவும் அந்த அட்டைகள் எண்ணப்பட்டனவாம். முதல் நாளே லாவண்யா அதையும் வாசித்திருக்கிறாள். அது மட்டும் என் காதில் விழவில்லை.

அன்றே என்னை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். எனக்கும் எக்ஸ்ரே, எனக்கும் ரத்தம். பையிலிருந்த காலி அட்டைகளை லாவண்யா வாங்கி, பழக்கதோஷத்தில் எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள்.

வியாழக்கிழமை அமுலுவின் வயிற்றை அறுக்கவில்லை. சின்னத் துளை போட்டு, உள்ளே கேமராவை விட்டுப் பார்த்து, பொட்டளவு சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். விஷயம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த பிறகும், முடிவு வரும்வரை என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் தாங்கவில்லை. மூத்தார் என்னைக் கண்டால் வராந்தாவின் மறுபக்கம் போய் நின்றுகொண்டார். என் வீட்டுக்காரர் மட்டும் இட்லிப் பொட்டலத்தோடு வந்து, எனக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என் விரல் ஏற்கனவே முடங்கத் தொடங்கியிருந்ததைப் பார்த்து, பொட்டலத்து நூலைப் பிரித்துக் கொடுத்தார். "எங்கிட்டயாவது சொல்லிக்கக் கூடாதா?" என்றார்.

முடிவு டி.பி. என்று வந்தது. கேன்சர் இல்லை. மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும், சாப்பிட்டால் தேறிவிடுவாள் என்றார்கள். அப்போதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒருத்தியைக் கிணற்றில் தள்ளிவிட்டு அவள் நீந்திக் கரையேறினால், தள்ளியவள் கொண்டாட முடியுமா?

அன்று மாலை வார்டுக்குள் போனேன். அமுலு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நியாயம்தான் என்று நினைத்தேன். அவள் காலடியில் நின்று, மனப்பாடம் செய்துகொண்டு வந்ததையெல்லாம் ஒப்பித்தேன். தெரிந்தே வாயை மூடிக்கொண்டு நின்றேன், இரண்டு நாள் நின்றேன், என் கைக்காக உன்னை அறுக்க விடப் பார்த்தேன் என்றேன்.

"எதுக்குடி சொன்ன?" என்றாள் சுவரைப் பார்த்தபடியே.

"இன்னாக்கா கேக்கற?"

"எதுக்குப் போயி சொன்னன்னு கேக்கறேன். மாத்தரய நிறுத்திட்டாங்கதான? இப்ப உன் கை இன்னா ஆவும்?"

எனக்கு எதுவும் பிடிபடவில்லை. அவள் திரும்பினாள். கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன. கோபத்தில் மூச்சு வாங்கியது.

"மாத்தர வெளிய போவுதுன்னு தெரிஞ்சா உன்ன அனுப்பிடுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? நீதானடி சொன்ன, யாருக்கும் தரக்கூடாதுன்னு. இந்த வயிறு அதனாலதான் வந்துச்சோ இன்னாமோன்னு நானும் நெனச்சேன். அதுக்கின்னா பண்றது? என் புள்ளைங்க ரெண்டும் தலையெடுத்துடுச்சுங்க. எனக்கு கர்ப்பப்பை இருந்தா இன்னா, போனா இன்னா. உனக்கு கை போனா சோறு போச்சு."

அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு நான் கம்பியைப் பிடித்து நின்ற அந்த இரண்டு நாளும், அவள் எல்லாம் தெரிந்தே அந்தக் கட்டிலில் படுத்திருந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவள், யாராவது போய்விட்டார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

அமுலு அழவில்லை. அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"சேத்தப்ப ஒரு தரம் கேட்டாங்க. பெரிய டாக்டர் ஒரு தரம் கேட்டாரு. நீ திருப்பதிக்கிப் போனப்புறம், மயக்க மருந்து குடுக்கறவன் வந்து ஒரு தரம் கேட்டான். மூணு தரமும் இல்லன்னேன்" என்றாள். "உன்ன ஒரே ஒரு தரம் கேட்டதுக்கு இப்பிடிப் போயி சொல்லிட்டியேடி, பாவி."